கப் கல்லூரிக்கு, பெயர் ஆட்டக்காரனுக்கு... கோச்சுக்கு?

'கோச்சிங்' என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "நீட் கோச்சிங்கா? ஜே.இ.இ.யா? டி.என்.பி.எஸ்.சி.யா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். பையன் புத்திசாலி, அவனே படித்துக்கொள்வான் என்று எந்த அப்பாவும் சும்மா இருப்பதில்லை. நகையை அடகு வைத்தாவது கோச்சிங் சென்டரில் சேர்த்துவிடுகிறார். சென்டர்களும் சளைத்தவை அல்ல. ரிசல்ட் வந்த மறுநாளே பையன் போட்டோவைப் பெரிதாகப் போட்டு 'எங்கள் மாணவன்' என்று பேப்பரில் முழுப்பக்க விளம்பரம்!

மைதானம் என்று வந்தால் மட்டும் கதை தலைகீழ். "ஆட்டம் ரத்தத்துல இருக்கணும் சார்." "திறமை இருந்தா தானா மேல வருவான்." "கோச் என்ன பண்ணுவார், ஓரமா நின்னு விசில் ஊதுவார்." அதாவது உயிரியலுக்குக் கோச்சிங் வேண்டும், கால்பந்துக்கு வேண்டாம்!

இந்த நம்பிக்கை டீக்கடை பெஞ்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்லூரி நிர்வாகங்கள் பலவும் இதை வைத்துத்தான் விளையாட்டுத் துறையையே நடத்துகின்றன. பள்ளியிலேயே மாநில அளவில், தேசிய அளவில் ஆடிவிட்ட பையனைத் தேடிப் பிடிப்பது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட், இலவச ஹாஸ்டல், இலவசச் சாப்பாடு கொடுப்பது. அவன் கப் வாங்கி வந்தால் கேட்டுக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் வைப்பது. ஃப்ளெக்ஸில் நிறுவனர் படம் பெரிதாக, தாளாளர் படம் அதைவிடக் கொஞ்சம் சிறிதாக, முதல்வர் படம் வட்டத்துக்குள், கடைசியில் ஸ்டாம்ப் சைஸில் டீம் போட்டோ. அந்தப் பையனுக்குப் பந்தைக் காலில் நிறுத்தக் கற்றுக்கொடுத்தவர் பெயர் எங்கே? தேடினாலும் கிடைக்காது.

விளையாட்டு ஒதுக்கீடு வேண்டாம் என்பது இங்கே வாதம் அல்ல. அது பல ஏழைப் பிள்ளைகளைக் கல்லூரிக்குள் கொண்டுவந்திருக்கிறது, அது தொடரட்டும். வாதம் வேறு. சாம்பியன்ஷிப் என்பது ஃபைனல் அன்று ஜெயிக்கப்படுவதில்லை. அதற்கு முந்தைய மூன்று, நான்கு வருடங்களில், யாரும் பார்க்காத காலைப் பயிற்சியில், ஒரு கோச்சின் கையில் ஜெயிக்கப்படுகிறது. கோச்சுக்குச் சம்பளம் கொடுக்காமல் கப்புக்கு மட்டும் ஆசைப்படுகிற கல்லூரி, அடுத்தவர் வளர்த்த மரத்தில் பழம் பறிக்கிறது. அவ்வளவுதான்.

மாமல்லபுரத்தில் நடந்தது என்ன?

இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2022 ஜூலை, ஆகஸ்டில் 44-வது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது. ரஷ்யாவில் நடக்க வேண்டியது, உக்ரைன் போரால் இங்கே வந்தது. பூஞ்சேரியில் உள்ள ஹோட்டல் அரங்குகளில் ஓபன் பிரிவில் மட்டும் 188 அணிகள். வேட்டி சட்டை போட்ட 'தம்பி' குதிரை பஸ்ஸில், பாலத்தில், பால் பாக்கெட்டில் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தது யாருக்கும் மறந்திருக்காது.

கால்பந்தைப் பற்றிப் பேசும்போது செஸ் எதற்கு? காரணம் இருக்கிறது. உலகத்திலேயே ஆட்டம் நடக்கும்போது கோச்சுக்கு மிகக் குறைவான வேலை உள்ள விளையாட்டுகளில் செஸ் ஒன்று. ஆட்டக்காரர் போர்டில் உட்கார்ந்துவிட்டால் அணியின் கேப்டன் (செஸ் ஒலிம்பியாடில் கேப்டன் என்றால் பெரும்பாலும் ஆடாத கோச்தான்) வாயைத் திறக்க முடியாது. டிரா கேட்கலாமா, ஏற்கலாமா என்பதற்கு மட்டும் யோசனை சொல்லலாம், அதுவும் காய் நிலைமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல். பக்கவாட்டுக் கோட்டில் நின்று கத்த முடியாது. இடைவேளையில் திட்ட முடியாது. ஆள் மாற்ற முடியாது. இப்படிப்பட்ட ஆட்டத்திலேயே கோச்சால் பதக்கம் வருகிறது என்றால், 11 பேர் சேர்ந்து ஓட வேண்டிய கால்பந்தில் என்ன சொல்ல?

மாமல்லபுரத்தில் போட்டியை நடத்திய நாடு என்பதால் இந்தியாவுக்கு ஓபன் பிரிவில் மூன்று அணிகள். 'ஏ' அணி போட்டித் தரவரிசையில் 2-வது இடம். விதித், ஹரிகிருஷ்ணா, அர்ஜுன் எரிகைசி, நாராயணன், சசிகிரண் என்று அனுபவசாலிகள். 'பி' அணி 11-வது இடம். அதில் குகேஷுக்கு 16 வயது, பிரக்ஞானந்தாவுக்கு 16, ரௌனக் சாத்வானிக்கு 16, நிஹால் சரினுக்கு 18. இவர்களோடு ஒரே ஒரு 'பெரியவர்' அதிபன், அவருக்கே 30 ஆகியிருக்கவில்லை. இந்தப் பள்ளிக்கூட கோஷ்டிக்குக் கோச், ஆர்.பி. ரமேஷ்.

8-வது சுற்றில் இந்தக் கோஷ்டி, முதல் தரவரிசை அமெரிக்காவை 3–1 என்று சாய்த்தது. குகேஷ் ஃபேபியானோ கருவானாவை வீழ்த்தினார். அதோடு முதல் 8 ஆட்டங்களில் 8 வெற்றி. 10-வது சுற்றில் உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக அதே குகேஷ் கையில் இருந்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். ஆட்டம் 2–2 என்று முடிந்து, தங்கம் நழுவத் தொடங்கியது. 16 வயதுப் பையன்கள் நொறுங்கிப்போக இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஆனால் கடைசிச் சுற்றில் ஜெர்மனியை 3–1 என்று ஜெயித்து வெண்கலத்தைக் கையில் பிடித்தார்கள். முதல் போர்டில் குகேஷுக்கும் இரண்டாவது போர்டில் நிஹாலுக்கும் தனிநபர் தங்கம்.

"பசங்க ஜீனியஸ், அதான் ஜெயிச்சாங்க" என்று முடித்துவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

2014-ல் நார்வேயின் ட்ரோம்ஸோவில் நடந்த ஒலிம்பியாடில்தான் இந்தியா ஓபன் பிரிவில் முதல்முறையாகப் பதக்கம் வாங்கியது. ஆனந்த் ஆடவில்லை. ஹரிகிருஷ்ணாவும் ஆடவில்லை. நேகி, சேதுராமன், சசிகிரண், அதிபன், லலித் பாபு என்று தரவரிசையில் 19-வதாக இருந்த அணி. யாரும் எதிர்பார்க்காமல் வெண்கலம். அந்த அணியின் கேப்டன் யார்? அதே ஆர்.பி. ரமேஷ். எட்டு வருட இடைவெளி, அதிபனைத் தவிர முற்றிலும் வேறு ஆட்டக்காரர்கள், இரண்டு தடவையும் தரவரிசையைத் தாண்டி வெண்கலம். மாறாமல் இருந்தவர் கோச்.

ரமேஷ் சும்மா வந்து உட்கார்ந்தவரும் அல்ல. அவரே கிராண்ட்மாஸ்டர், 2002-ல் பிரிட்டிஷ் சாம்பியன். இந்தியன் ஆயில் வேலையை விட்டுவிட்டு முழுநேரம் சொல்லிக்கொடுக்க வந்தார். மனைவி ஆர்த்தி ராமசாமியோடு 2008-ல் சென்னையில் 'செஸ் குருகுல்' தொடங்கினார். நிரந்தர வேலை, மாதச் சம்பளம் என்று நம் வீடுகளில் கும்பிடுகிற எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப்போடக் கற்றுக்கொடுக்கப் போனார். பிரக்ஞானந்தா, வைஷாலி, அரவிந்த் சிதம்பரம் எல்லாம் அங்கே இருந்து வந்தவர்கள். 2023-க்கான துரோணாச்சார்யா விருது அவருக்குக் கிடைத்தது.

குகேஷ் கதையும் வேறல்ல. விஷ்ணு பிரசன்னா என்ற சென்னை கிராண்ட்மாஸ்டர் 2017-லிருந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் எஞ்சினைத் தட்டி விடை பார்க்கும் காலத்தில், எஞ்சினைத் தொடாமல் சொந்த மூளையில் யோசி என்று பல வருடம் வளர்த்தார். ஒரு கோச் எடுத்த அந்த ஒற்றை முடிவை நினைத்துப் பாருங்கள். குகேஷ் 2019 ஜனவரியில் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன். அப்போது அவரோடு இருந்த குழுவில் போலந்தின் கஜெவ்ஸ்கியும், மனப்பயிற்சிக்குப் பேடி அப்டனும் இருந்தார்கள். ஜீனியஸுக்கே இத்தனை பேர் தேவைப்பட்டார்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். மாமல்லபுரத்தில் நட்சத்திரங்கள் நிரம்பிய அமெரிக்கா 5-வது இடம். தங்கம் வாங்கியது தரவரிசையில் 14-வதாக வந்த உஸ்பெகிஸ்தான். அந்த இளம் அணிக்குப் பின்னால் இருந்தவர் ஐவன் சோகலோவ் என்ற அனுபவமிக்க கோச்.

சரி, கால்பந்து

செஸ் வேறு, கால்பந்து வேறு என்பவர்களுக்காகப் பக்கத்து மைதானத்துக் கதை. 2019–20 ஐ.எஸ்.எல். சீசனில் சென்னையின் எஃப்.சி. ஆரம்பமே சொதப்பல். முதல் 6 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. இரண்டு வருடம் முன்னால் கோப்பை வாங்கிக் கொடுத்த ஜான் கிரிகரி விலகினார். டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள், ஜெர்சி அதே ஜெர்சி. அடுத்த சில மாதத்தில் நடந்ததைப் பாருங்கள். புள்ளிப்பட்டியலின் அடியில் கிடந்த அணி நான்காவதாக முடித்து, அரையிறுதியில் கோவாவை மொத்தக் கணக்கில் 6–5 என்று வென்று ஃபைனலுக்குப் போனது. ஃபைனலில் ஏ.டி.கே.யிடம் 3–1 தோல்வி, உண்மைதான். ஆனால் சீசன் நடுவில் ஒரே ஒரு ஆளை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான பரிசோதனை கிடைக்குமா? அதே காயில் பிறகு ஜாம்ஷெட்பூர் போய் 2021–22-ல் அவர்களுக்கு லீக் ஷீல்டு வாங்கிக் கொடுத்தார்.

இன்னும் பழைய கதை வேண்டுமா? சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத் பள்ளிக்கூட வாத்தியார். அவர் வளர்த்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை வரிசையாக 5 ரோவர்ஸ் கோப்பை வாங்கியது. அவர் கையில் இந்தியா 1951-ல் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம், 1962 ஜகார்த்தாவில் மறுபடியும் தங்கம். ஜகார்த்தாவில் டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல். ரஹீம் அவரை உட்கார வைக்கவில்லை. முன்வரிசைக்கு மாற்றினார். அரையிறுதியிலும் கோல், ஃபைனலில் தென்கொரியாவுக்கு எதிராகவும் கோல். தங்கம் 2–1 என்ற கணக்கில் வந்தது. தடுப்பாட்டக்காரனைக் கோல் அடிக்க அனுப்பலாம் என்று தோன்றியது ஜர்னைலுக்கு இல்லை, ரஹீமுக்கு.

ரஹீம் 1963-ல் புற்றுநோயில் இறந்தார். அதன்பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்திய ஆண்கள் அணி வாங்கிய பதக்கம் ஒன்றே ஒன்று, 1970 பாங்காக் வெண்கலம். 100 கோடியைத் தாண்டிய நாட்டில் கால் உள்ள பையன்களா இல்லாமல் போனார்கள்?

எதிர்வாதங்களுக்கும் பதில் சொல்ல வேண்டுமே

முதல் எதிர்வாதம்: "மாமல்லபுரத்தில் 'ஏ' டீமுக்கும் ஸ்ரீநாத் நாராயணன்னு கோச் இருந்தாரே, அவங்க ஏன் நான்காவது?" நல்ல கேள்வி. பதில் 2024-ல் புடாபெஸ்டில் இருக்கிறது. அதே ஸ்ரீநாத் கேப்டனாக இருந்த இந்திய அணி 22-க்கு 21 புள்ளி எடுத்துத் தங்கம் வாங்கியது. மாமல்லபுரத்தில் 'பி' அணியில் ஆடிய நிஹாலுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் ஸ்ரீநாத்தும் ஒருவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு போட்டி முடிவை வைத்துக் கோச்சை எடை போடுவதே தப்பு. கோச்சின் பயிர் ஒரு சீசனில் விளையாது.

இரண்டாவது: "அதே காயில் 2023-ல் சென்னைக்குத் திரும்பி வந்தாரே, கப் எங்கே?" வந்தார், கப் வரவில்லை. 2023–24-ல் ஆறாவதாக வந்து பிளே-ஆஃபோடு சரி. அடுத்த சீசன் அதைவிட மோசம். இதில் மறைக்க ஒன்றுமில்லை. கோச் மந்திரவாதி அல்ல. விதை நெல்லே இல்லாமல் உழவனால் என்ன செய்ய முடியும்? ஆனால் உழவனே இல்லாத வயலில் விதை நெல்லை மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் காக்காய்க்குத்தான் ஆகும். கல்லூரிகள் செய்துகொண்டிருப்பது இந்த இரண்டாவது வேலை.

மூன்றாவதுதான் உண்மையிலேயே கனமானது: "நல்ல ஆட்டக்காரர்களைச் சேர்த்தால்தானே கோச் ஜெயிக்கிறார்? அமெரிக்காவைப் பாருங்கள்." பார்க்கலாம். கல்லூரி விளையாட்டு என்றால் அமெரிக்கர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அவர்கள் 'ஃபுட்பால்' என்பது கையில் பிடித்து ஓடும் முட்டைப் பந்து, அது போகட்டும். அலபாமா பல்கலைக்கழகத்துக்கு 2007-ல் நிக் சேபன் கோச்சாக வந்தார். அதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகம் தேசிய சாம்பியன் ஆனது 1992-ல். சேபன் வந்து 2009-ல் தொடங்கி 2020-க்குள் 6 தேசிய சாம்பியன்ஷிப். அதற்கும் முன்னால் 2003-ல் எல்.எஸ்.யூ.வுக்கு ஒன்று. ஆக மொத்தம் 7. 2024 ஜனவரியில் ஓய்வு பெறும்போது ஆண்டுச் சம்பளம் ஒரு கோடி டாலருக்கும் மேல். அங்கே பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் ஆளுநர் அல்ல, பல்கலைக்கழக கோச்.

சேபனும் நாட்டின் சிறந்த பள்ளி ஆட்டக்காரர்களைத்தான் பொறுக்கி எடுத்தார். ஆனால் பொறுக்கியவர் யார் என்று கவனியுங்கள். அங்கே வீடு வீடாகப் போய்ப் பையனைப் பார்ப்பது, அவன் எந்த இடத்துக்குப் பொருந்துவான் என்று தீர்மானிப்பது எல்லாமே கோச்சின் வேலை. சர்டிஃபிகேட்டைப் பார்த்து சீட் கொடுக்கிற அலுவலக வேலை அல்ல. ஆள் எடுப்பதும் கோச்சிங்கின் ஒரு பகுதி. அங்கே பணம் பேயாட்டம் ஆடுகிறது, படிப்பு பின்னால் போகிறது என்ற குறைகள் நியாயமானவை. அந்தப் பைத்தியத்தை இங்கே இறக்குமதி செய்யத் தேவையில்லை. கப் வேண்டுமென்றால் முதலில் கோச்சைத் தேடு என்ற ஒரு புத்தியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

நம்ம ஊர் நிலவரம்

தமிழ்நாட்டில் சாதாரணக் கல்லூரியில் விளையாட்டு என்றால் யார்? பி.டி. சார். அதிகாரப்பூர்வமாக உடற்கல்வி இயக்குநர். அவர் ஒரே ஆள். கால்பந்து, கைப்பந்து, கபடி, கூடைப்பந்து, தடகளம், செஸ், கேரம், ஸ்போர்ட்ஸ் டே மார்ச் பாஸ்ட், என்.சி.சி. ஆள் வராத நாளில் கொடியேற்றம், தேர்வு நேரத்தில் ஹால் சூப்பர்விஷன், லேட்டாக வருகிறவனை கேட்டில் பிடிப்பது எல்லாம் அவர் தலையில். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்லூரியில் இயற்பியல், வேதியியல், தமிழ், கணக்கு எல்லாவற்றையும் ஒரே ஆள் நடத்தட்டும் என்று எந்த முதல்வராவது சொல்வாரா? பத்து விளையாட்டை மட்டும் ஒருவர் பார்த்துக்கொள்ளலாமாம்.

பல்கலைக்கழகப் போட்டி அறிவிப்பு வந்தபிறகுதான் டீம் செலக்‌ஷன். இரண்டு வாரம் பயிற்சி. ஒவ்வொருவனும் தன் ஊர் கோச் சொல்லிக்கொடுத்த ஆட்டத்தை ஆடுவான். ஒருவன் நீளமாக அடிப்பான், இன்னொருவன் குட்டிப் பாஸ் போடுவான். 11 பேரும் நல்ல ஆட்டக்காரர்கள், டீம் மட்டும் இருக்காது. முதல் சுற்றில் தோற்றுத் திரும்பி வந்தால் "பசங்களுக்கு ஸ்பிரிட் இல்லை" என்று ஒரு தீர்ப்பு.

இதில் கல்லூரிக்கு என்ன நஷ்டம்? ஒரு ஃப்ளெக்ஸ். பையனுக்கு? 18 வயதிலிருந்து 21 வயது வரை, உடம்பும் ஆட்டமும் சேர்ந்து முதிர வேண்டிய மூன்று வருடம். சேர்ந்தபோது என்ன ஆட்டம் ஆடினானோ அதே ஆட்டத்தோடு வெளியே போகிறான். சில பேர் அதைவிடக் குறைவாக. கணுக்காலில் அடிபட்டால் சரியாகப் பார்த்து, எப்போது மறுபடி இறக்கலாம் என்று சொல்ல ஆள் இல்லாததால் 20 வயதில் ஆட்டத்தையே விட்டவர்களை எல்லா ஊர் மைதானத்திலும் பார்க்கலாம். கல்லூரி அவனுக்கு சீட் கொடுத்தது, சோறு போட்டது. அவன் எதற்காக வந்தானோ அதைக் கொடுக்கவில்லை.

ஆள் இருந்தால் என்ன ஆகும்?

மாமல்லபுரத்திலிருந்து ஈ.சி.ஆரில் சென்னை நோக்கிப் போனால் கோவளம். அலை காலங்காலமாக அங்கேதான் இருக்கிறது. மீனவப் பிள்ளைகளும் காலங்காலமாக அந்த அலையில்தான் குதிக்கிறார்கள். ஆனால் சர்ஃபிங் என்று ஒன்று அங்கே வளர்ந்தது, மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தான் கற்றுக்கொண்டதை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபிறகுதான். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பே மாமல்லபுரத்துக்கு வந்தது. கடல் மாறவில்லை, ரத்தம் மாறவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் வந்தது, அதுதான் மாற்றம்.

அதே கடற்கரையில் இன்னும் தெற்கே போனால் கடலூர். 2004 சுனாமிக்குப் பிறகு அரசு காப்பகத்தில் வளர்ந்த பெண் பிள்ளைகளையும் மைதானத்துக்கு அழைத்து வந்தவர் மாரியப்பன் என்ற கோச். கடலூரிலிருந்து இந்துமதி, சுமித்ரா போன்றவர்கள் இந்திய அணி வரைக்கும் போனார்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2–1 என்று வென்று தமிழ்நாடு பெண்கள் அணி முதல்முறையாக தேசிய சாம்பியன் ஆனது. மணிப்பூரைப் பெண்கள் கால்பந்தில் ஜெயிப்பது என்றால் சும்மாவா? அந்த வெற்றிக்குப் பின்னால் கடலூர் போன்ற சின்ன ஊர்களில் பெயர் தெரியாமல் உழைத்த கோச்சுகளின் பல வருடங்கள் இருக்கின்றன.

ஆள் கிடைப்பதில்லை என்ற சாக்கும் இந்த மாவட்டத்தில் செல்லாது. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில்தான் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உடற்கல்வியும் விளையாட்டுப் பயிற்சியும் படித்த பிள்ளைகள் வருடா வருடம் அங்கிருந்து வெளியே வருகிறார்கள். சென்னை நந்தனத்தில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது, 1920-ல் ஆரம்பித்தது. விளையாட்டைச் சொல்லிக்கொடுப்பது ஒரு படிப்பு, ஒரு தொழில் என்று இந்த ஊருக்கு நூறு வருடம் முன்பே தெரியும். கல்லூரி அலுவலகத்துக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

செய்ய வேண்டியது

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை.

1. பத்து விளையாட்டிலும் பங்கேற்றோம் என்று கணக்குக் காட்டுவதை விட்டு, இரண்டு அல்லது மூன்று விளையாட்டைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் தனி கோச் போடுங்கள்.

2. அவருக்குக் குறைந்தது மூன்று வருட ஒப்பந்தம். முதல் வருடம் தோற்றால் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஒரு பேட்ச் உள்ளே வந்து வெளியே போகும்வரைக்கும் அவகாசம் கொடுங்கள்.

3. கோட்டாவில் யாரை எடுப்பது என்பதில் கோச்சுக்கும் ஓட்டு வேண்டும். சர்டிஃபிகேட் நன்றாக இருப்பவனை விட டீமுக்குத் தேவையானவனை அவர் அறிவார்.

4. வருடம் ஒருமுறை எல்லா மாணவர்களுக்கும் திறந்த செலக்‌ஷன் வையுங்கள். சாதாரணமாகச் சேர்ந்த மெக்கானிக்கல் பையனில் ஒரு நல்ல கோல்கீப்பர் இருக்கலாம். அவனைக் கண்டுபிடிக்கும் கண் கோச்சிடம்தான் இருக்கும்.

5. ஜெயித்தால் ஃப்ளெக்ஸில் கோச் பெயரைப் போடுங்கள். இந்தக் கல்லூரி கோச் மட்டுமல்ல, பையனைச் சின்ன வயதில் வளர்த்த ஊர் கோச் பெயரையும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஆனாலும் ஐந்தில் இதுதான் கடைசியாக நடக்கும்!

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்கிற கல்லூரிகள், தங்கள் நுழைவாயில் வளைவுக்கு ஆன செலவில் ஒரு கோச்சுக்கு எத்தனை வருடம் சம்பளம் கொடுக்கலாம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். இல்லையென்றால் கல்ச்சுரல்ஸுக்கு வரும் சினிமாக்காரருக்கு ஒரு ராத்திரிக்குக் கொடுப்பதை வைத்துப் போடட்டும்.

மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஜெயித்துவிட்டு வரும் டீமைத் தோளில் தூக்குகிறோம், சரி. ஓரத்தில் தண்ணீர் கேனும் பந்து வலையுமாக பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்குகிற மனிதரின் பெயர், வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாதென்றால் நாளைக் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போய்க் கேளுங்கள். அவர் அங்கேதான் இருப்பார். அவரை வேலைக்கு வைத்திருந்தால்.